குடிசை எண் 212

கலினா வளாகம், மூன்றாம் மாடி.
ஏசி கசிந்து வாளியில் சொட்டுகிறது.
ப்ரொஜெக்டர் என் பொறுப்பு.

வெளியிலிருந்து வந்தவர்கள்,
எரிந்த மதில்களின் சாம்பல் சாட்சி
என்கிறார் அபிகாயில் பென்கர்.
அங்கேயே கிடந்தவர்கள்தான்,
வரிக்கு அஞ்சி மலையேறிய குடியானவர்கள்,
பானையின் கழுத்தைப் பாருங்கள், சமவெளிப் பானையேதான்
என்கிறார் சுக்தன்கர்.
அப்படியென்றால் பன்றி எலும்பு ஏன் இல்லை?
பதிலுக்கு முன் தேநீர் வந்துவிட்டது.

அடுத்த படம்: எகிப்து அரசனின் கல்.
இஸ்ரவேல் என்ற பெயர் முதன்முதலாய்த் தென்படும் இடம்.
பாழானது, அதன் வித்து இனி இல்லை
என்று பீற்றியிருக்கிறான்.
“ஒழித்தேன் என்றவனே நமக்கு ஆதாரம்.”
அரங்கம் சிரித்தது.

நேற்று தாராவியில் சர்வேக்காரன் கேட்டான்:
எப்போது வந்தீர்கள், காகிதம் உண்டா?
அப்பா, நாங்குநேரி என்றார்.
அத்தை, நான் இங்கேதான் பிறந்தேன் என்று சண்டைக்குப் போனாள்.
ரேஷன் கார்டை வெள்ளம் கொண்டுபோயிருந்தது.
தகரப்பெட்டியின் அடியில்
தொண்ணூற்று நான்கில் மாநகராட்சி ஒட்டிய தாள்:
குடிசை எண் 212, பால்துரை.
இடிக்கப்பட்டது.

லேமினேட் செய்யக் கொடுத்திருக்கிறேன்.
ஆறு மணிக்குக் கடையை மூடிவிடுவான்.
திரையில் இன்னும்
பானைக் கழுத்து.