சேராதது

'எதனோடும் சேராதது' என்று
ஐந்தாம் படிவத்தில் சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன்.
பிறகு கெலுகோர் ஆய்வகத்தில்
பதினோரு மாதம்
அதைச் சேர்த்துவைக்கத்தான் பாடுபட்டேன்.

நிக்கல் கலம். நானூறு பாகை. ஃபுளோரின்.
ஒரு மழைநாள் கலத்தின் குளிர்ந்த முனையில்
செனான் வெள்ளைப் படிகமாய் உட்கார்ந்திருந்தது.
எட்டிப் பார்த்த அஸ்மான்
"சீனியா?" என்றான்.

பினாங்குக் காற்றோ ஈரம்.
ஊசிமுனைக் கசிவு போதும்,
சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடும்.
விட்டுப்போவது அமிலம்:
என் இடது பெருவிரல் நகம்
அன்றிலிருந்து கோணல்.

நிதி நின்றது. பொன்னுக்கு மாறினேன்.
பதின்மூன்று நானோமீட்டரில் பொன் சிவப்பு;
ஒரு சிட்டிகை உப்பு விழுந்தால் நீலம்.
நகைக்கடையில் பிறந்த வாசுகி அக்கா
குப்பியை ஆட்டிப் பார்த்து
"சிராப் தண்ணி" என்று முடித்துவிட்டாள்.

இப்போது பாயான் லெப்பாஸ் ஆலைகளில்
சிலிக்கனை அரிக்க
அதே செனான் படிகம் டப்பாவில் வருகிறது.
விலைப்பட்டியலில் ஒரு வரி,
கிராமுக்கு இத்தனை ரிங்கிட்.

என் பதினோரு மாதம் எத்தனை கிராம்?
இரண்டு என்று எழுதினேன்.
பழைய குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு
இரண்டேகால் என்று திருத்தினேன்.