ஐந்து வீதச் சதுரம்

கறுப்புச் சதுரத்துக்குள் இன்னொரு சதுரம்,
அதைவிட ஐந்து வீதம் மட்டும் வெளிறியது.
அது தெரிந்தால் திரையை நம்பலாம்.
தெரியவில்லை.

யன்னலைச் சாத்தினேன்.
ஆஸ்பத்திரி வீதி வெயில்
ஓட்டோக் கண்ணாடிகளில் பட்டுத் தெறித்து
சுவரில் வழுக்கி வந்து
திரையில் குந்தியிருந்தது.
பழைய படுக்கை விரிப்பொன்றை ஆணியில் மாட்டினேன்.
இப்போதும் தெரியவில்லை.

மார்புப் பிரிவுக்கு நான் எழுதிக் கொடுத்த மென்பொருள்.
ஆறு மாதமாக எல்லோருக்கும் பிடித்திருந்தது.
விலா எலும்புகள் வெள்ளையடித்த மதில்,
இடையில் நுரையீரல் அமாவாசைக் கடல்.
"எக்ஸ்றே எண்டால் இப்பிடி வெட்டினமாதிரி இருக்கவேணும்"
என்று றெஜினோல்டா மிஸ் சொன்னதை
வீட்டில் அம்மாவுக்கும் சொல்லியிருந்தேன்.

கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே
என்னென்ன பெயர் உண்டென்று எண்ணிப் பார்த்தேன்:
கருக்கல், மைம்மல், மங்கல்,
சாம்பல், நரை, நீறு,
மழை இருட்டு.
அதற்குமேல் விரல் மடங்கவில்லை.
படமெடுக்கும் மெசின் அனுப்புவதோ
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு.
திரையில் இருப்பது இருநூற்றைம்பத்தாறு கதிரை.
ஒரு கதிரைக்குப் பதினாறு பேர்,
ஒருத்தரும் முனகாமல் இருத்தவேண்டும்.

இரவு பதினொன்றரைக்கு,
கரண்ட் போய் வந்தபிறகு, பிழையைக் கண்டேன்.
ஒளி ஏறும் கோட்டை
ஒருமுறைதான் வளைக்கவேண்டும்.
திரை தன்பாட்டில் வளைக்கும்.
அது தெரியாததுபோல
நானும் ஒருமுறை வளைத்திருக்கிறேன்.
பூச்சியம் முதல் இருபது வரை
அத்தனை படியும் ஒரே கிணற்றுக்குள்.

இப்படிக் காட்டிய மார்புகள் எத்தனை
என்று தரவுத்தளத்தைக் கேட்டேன்.
ஆயிரத்து நூற்று முப்பத்தேழு
என்றது, யோசிக்காமல்.

ஒரு வரியை அழித்தேன்.
சதுரத்துக்குள் சதுரம் எழும்பியது,
பண்ணைப் பாலத்தில் விடியமுன் நின்றால்
தோணி தெரியுமே, அப்படி:
முதலில் தோணியாக அல்ல,
கடல் இல்லாத ஓரிடமாக.

காலையில் டொக்டர் நவரட்ணராசா
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார்.
"என்ன பிள்ளை, படம் செத்துக் கிடக்கு.
பழசைத் தாரும்."
"பழசு பொய், டொக்டர்."
"வடிவாயெல்லே இருந்தது."
"ஓம். வடிவாய்த்தான் இருந்தது."

அன்றைய முதல் படத்திலேயே
காறை எலும்புக்குக் கீழே ஒரு பொட்டு.
"இதென்ன?"
"படத்தை ஒருக்கால் இழுத்துப் பாருங்கோ."
இழுத்தார். எலும்பு நகர்ந்தது,
நுரையீரல் நகர்ந்தது,
பொட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.
விரலால் துடைத்தேன். தூசி.
றெஜினோல்டா மிஸ் சிரித்தா. டொக்டரும் சிரித்தார்.
நான் ஏனோ பிந்திச் சிரித்தேன்.

பிறகு பழையதொன்றைத் திறந்தோம், சும்மா, ஒப்பிட்டுப் பார்க்க.
பங்குனியில் எடுத்தது. பாசையூர், நாற்பத்துமூன்று வயது,
கிளமென்ற் என்று பெயர்.
அன்று வெறும் இரவாய் இருந்த மூலையில்
பயறளவு ஒரு மங்கல்.
சுற்றியிருந்த கறுப்பைவிட
ஒரு மூச்சு வெளிறியது.

நான் கேட்கமுதல்
டொக்டரே படத்தை இழுத்தார்.
அது கூடவே போனது.
திரும்ப இழுத்தார்.
கூடவே வந்தது.

கோப்பில் போன் நம்பர் இருக்கா என்று
மெல்லக் கேட்டார்.
றெஜினோல்டா மிஸ் பக்கம் புரட்டும் சத்தம்.
நான் பக்கத்து மேசையில் இருந்து
மிச்சம் ஆயிரத்து நூற்று முப்பத்தாறையும்
திகதிப்படி அடுக்கத் தொடங்கினேன்.