எட்டுத் தொன் பாலம்

அட்டன் ஆலையிலிருந்து ஒருவர் கேட்டார்:
"எத்தனை கனமீற்றர், மிஸ்?"
பதினொன்று.
"ரெண்டு லொறி. குழைத்தே அனுப்புவோம். பாதை எப்படி?"

பாதையைத் தொலைபேசியில் சொல்ல முடியாது.
பதினாறு வளைவு.
அதில் மூன்றில் பஸ்ஸே பின்வாங்கித்தான் திரும்பும்.
பிறகு அந்த இரும்புப் பாலம்.
பலகையில் எழுதிய எட்டின் மேல்பாதியைத்
துரு தின்றுவிட்டது.
மிச்சம் நிற்பது பூச்சியம்.

நிறைந்த லொறி இருபத்தைந்து தொன்.
தண்ணீர் பட்ட சீமெந்துக்குத் தவணை
தொண்ணூறு நிமிடம்.
பாலத்தின் முன் நின்று யோசிக்க
அதில் ஒரு நிமிடமும் ஒதுக்கவில்லை.
வைத்துவிட்டார்.

காண்டீபன் பாஸ் மேல்ரோட்டைக் காட்டினார்.
"அங்க மிக்சர வப்போம்.
தகரத்தைக் கோத்து வழுக்கி விடுவோம் மிஸ்,
கொழுந்து மூட்டை கம்பியில எறங்குற மாதிரி."
ஒரு தாச்சி விட்டுப் பார்த்தோம்.
கல் முன்னே ஓடி வந்துவிட்டது.
சாந்து பாதி வழியில் உட்கார்ந்து
பிறகு வருகிறேன் என்றது.
பாஸ் தகரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டி
ஒன்றும் பேசாமல் அவிழ்த்தார்.

பலகை போட்டு மம்பட்டியால் குழைக்கலாம்.
இரண்டு நாளாகும்.
இன்று போட்டதும் நாளை போட்டதும்
தொட்டுக்கொண்டு கிடக்கும், ஒட்டாது.
நம் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோட்டை
மழை ஒரே கார்த்திகையில் கண்டுபிடிக்கும்.
கீழே படுத்திருப்பது
அப்போதுதான் பிள்ளை பெற்ற ஒருத்தியாக இருக்கலாம்.
மருந்தகம் இது.

ஆகவே, காய்ந்தபடியே ஏற்றுவது.
மணல் தனி, சல்லி தனி,
சீமெந்து அறுபத்தேழு மூட்டை,
டெக்டரில் அரைச் சுமை அரைச் சுமையாக
ஒன்பது நாள் பாலம் கடந்தது.
இரண்டு சின்ன மிக்சர். ஒன்று நின்றால் மற்றது.
தண்ணீரை மேலே,
கடைசியில் மட்டுமே சேர்ப்பது.
கடிகாரம் அங்கேதான் ஓடத் தொடங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை.
மணல் இரவெல்லாம் பனி குடித்திருந்தது.
கைப்பிடி எடுத்து நெரித்துப் பார்த்தேன், உருண்டை நின்றது.
தண்ணீர் டின்னில் போட்ட கோட்டை
இரண்டு விரல் கீழே இறக்கினேன்.
டின் அமிர்தவல்லியின் கையில்.
மேலே பரப்புகிறவன் கெஞ்சினான்:
"இன்னுங் கொஞ்சம் ஊத்துங்கக்கா, இழுக்க லேசா இருக்கும்."
"கோடு டின்னுல போட்டிருக்கு,
ஒன் மூஞ்சில இல்ல."

நாற்பத்தோராவது குழையலில் ஒரு மிக்சரின் பெல்ட் அறுந்தது.
கடை அட்டனில்.
ஈரமாகக் கிடந்த விளிம்பை எல்லாரும் பார்த்தோம்,
பிறகு என்னைப் பார்த்தார்கள்.
டெக்டர் ஓட்டும் சுனில்சாந்த
பீடியைக் காதில் செருகிக்கொண்டு
தன் வண்டியின் வாயைத் திறந்தான்.
உருவி எடுத்த பெல்ட் கொஞ்சம் தளர்வு.
மோட்டரைப் பின்னால் இழுத்துக் கட்டினோம்.
கத்திக்கொண்டே சுற்றியது,
ஆனால் சுற்றியது.

மூன்று மணிக்கு மழை, சொல்லாமல்.
வேடிக்கை பார்க்க நின்ற பெண்கள்
கொழுந்து மலைக்குக் கட்டும் படங்குகளை
லயத்திலிருந்து அள்ளி வந்து விரித்தார்கள்.
ஒரே ஒரு மூலையில்
படங்குக் கயிற்றின் முடிச்சு பதிந்துவிட்டது.
பூசி மறைக்கவா என்றார் பாஸ்.
வேண்டாம் என்றேன். ஏனென்று கேட்கவில்லை.

இருபத்தைந்து நாள் கழித்து
சோதனைக் கட்டி மூன்றைப் பெட்டியில் வைத்து
அட்டன் பஸ் ஏறினேன்.
"என்ன மிஸ் இந்தக் கனம்?" என்றார் நடத்துநர்.
"கூரை."
சிரிக்காமல் அரை டிக்கட் கிழித்தார்.

பாலத்தில் எல்லாரும் இறங்கி நடப்பது வழக்கம்.
இறங்கினோம்.
வெறும் பஸ் மெல்ல ஊர்ந்தது,
பலகைகள் ஒவ்வொன்றாய்த் தம் பெயரைச் சொல்லின.
ஜன்னலோர ஆசனத்தில்
பெட்டி மட்டும்
நேராக உட்கார்ந்து போனது.