உள்தாழ்ப்பாள்

கம்பம்மெட்டு செக்போஸ்ட்டில்
ஜீப்பை நிறுத்தித் தலை எண்ணுவார்கள்.
"பதினாலு பெண்ணுங்க, சாரே," என்பான் டிரைவர்.
பல வருஷமாய் எங்கள் பெயர் அதுதான்.

ஏலத்தோட்டத்தில்
செடிக்கு அடியில் குனிந்தே கிடக்கிற வேலை.
அவசரமென்றால்
இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்க் குனிவோம்.
ஒருத்தி குந்த, இரண்டு பேர்
கொங்காணியை விரித்துக் காவல்.
அத்தனை ஏக்கரில்
அட்டை கடிக்காத ஓரடி நிலமில்லை எங்களுக்கு.

போன ஆடியில் வீருசின்னம்மாளுக்கு
அடக்கி அடக்கி
ரத்தமாய்ப் போனது.
மறுநாள் யாரும் கூடையைத் தொடவில்லை.
ஒன்பது நாள் ஸ்டோர் வாசலில், மழையில்.
குரியச்சன் முதலாளி வந்து கேட்டார்:
"ஆர்க்கா கக்கூஸ் வேண்டே? ஒரு பேரு பற."
ஒரு பெயரும் அவருக்குக் கிடைக்கவில்லை.
நாங்கள், என்றோம்.
நாம் இல்லை, அவரைச் சேர்க்காத
நாங்கள்.
அந்தச் சொல்லுக்குள் பதுங்க
அன்றைக்கு எனக்கும் இடமிருந்தது.

பத்தாம் நாள் சிமெண்ட் வந்தது.
நாலடிக்கு நாலடி, தகரக் கதவு.
கொத்தன் தாழ்ப்பாளை
வெளிப்பக்கம் வைத்துவிட்டுப் போனான்.
அதற்கு இன்னொரு அரை நாள் உட்கார்ந்தோம்.

என் முறை வந்தது.
உள்ளே போய்த் தாழ் போட்டேன்.
வந்த வேலை முடிந்தும் நின்றேன்.
தலைக்கு மேல் தகரத்தில் மழை.
பிறந்த வீட்டில் ஏழு பேருக்கு ஒரே அறை,
வாக்கப்பட்ட வீட்டில் அதுவும் மாமனாருக்கு,
ஜீப்பில் ஒருத்தி மடியில் ஒருத்தி.
முப்பத்தெட்டு வயசில்
என் தோளில் யார் தோளும் இடிக்காத
முதல் நாலடி.
ஒச்சம்மா,
என்று சொல்லிப் பார்த்தேன்.
மெதுவாகத்தான்.

குருவு கதவைத் தட்டினாள்.
"என்னடி, உள்ளேயே குடித்தனமா?"
வெளியே சிரிப்பு.
இரண்டாம் வாரம் சிரிப்பு இல்லை.
"பதினாலு பேரு உக்காந்து வாங்குனதுடி"
என்றாள் வீருசின்னம்மாள்.
உண்மை.
"உள்ள தாழ்ப்பா வேணும்னும் அந்தப் பதினாலு பேருதான் கேட்டோம்," என்றேன்.
அதுவும் உண்மை.
மெட்டு இறங்கும் வரைக்கும்
இரண்டு உண்மைகளும்
ஒரே சீட்டில் நெருங்கி உட்கார்ந்து
முகம் பார்க்காமல் வந்தன.

நேற்று வேலை விட்ட நேரம்
உள்ளே போன வீருசின்னம்மாள்
வரவில்லை.
தண்ணீர்ச் சத்தம் நின்று வெகுநேரம்.
மூக்கு சிந்துகிற மாதிரி ஏதோ.
அப்புறம் அதுவும் இல்லை.
தட்டப்போன குருவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.
பதிமூணு கொங்காணி மேலும்
மழை சடசடவென்று.

மேட்டிலிருந்து ஹாரன் அடித்தான் டிரைவர்.
"ஆளு கொறையுதா?"

கொறையல,
இரு, என்றேன்.