இப்போது நீங்கள் இருக்குமிடம்

ஆறு மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள்.
ஆறுக்கு வேனில் ஏறிக் கதவடைத்தேன்.
குளிர்காலத்தில் வால்பராய்சோவின் கடிகாரம்
எங்களுக்கு ஒரு மணி நேரம் பின்னால் நிற்கும் என்பது
அப்புறம்தான் உறைத்தது.
இருபது வருஷமாய் ஜலசந்திப் படகில்
இயந்திரம் பார்ப்பவன்,
ஒருநாளும் நேரம் தவறாதவன்,
கண்ணாடியில் பனி ஏறுவதைப் பார்த்தபடி
இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்குள் பேச முடியாது.
சுவரெல்லாம் தகரமும் பலகையும்.
நூரியா தும்மினால்
அடுத்த வீட்டு நாய் காதை நிமிர்த்தும்.
அதனால் வேன்.
பின்னால் நண்டுப் பெட்டிகளின் நாற்றம்.
திரைக்கு மூக்கு கிடையாது,
அதுவரைக்கும் சௌகரியம்.

போன வாரமே படிவம் வந்துவிட்டது.
கடந்த இரண்டு வாரங்களில்
எத்தனை நாள் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தீர்கள்?
இல்லவே இல்லை. சில நாள்.
பாதிக்கு மேல். ஏறக்குறைய தினமும்.
எண்ணெய் அழுத்தத்துக்கே எங்களிடம்
முள் நடுங்கும் அளவுமானி உண்டு.
இதற்கு நாலே கட்டம்.
'சில நாள்' என்பதைத் தொட்டேன்.
தோளுக்குப் பின்னாலிருந்து நூரியாவின் விரல் நீண்டு
இரண்டு கட்டம் கீழே இறக்கியது.
அன்றைக்கு நாங்கள் அதிகம் பேசவில்லை.

ஏழுக்குத் திரை வெளுத்தது.
முதலில் தெரிந்தது அவர் இல்லை, நான்.
மூலையில், தபால்தலை அளவில்,
காணாமல்போனவர் அறிவிப்பில் ஒட்டும் முகம்.
அதைப் பார்த்துக்கொண்டு எவன் பேசுவான்?
"உங்களை உங்களிடமிருந்து மறைக்க
ஒரு பொத்தான் இருக்கிறது, ஒசியேல்" என்றார்
மைத்தே எச்செனிகே.
அழுத்தினேன். போய்விட்டேன்.
தோள் கொஞ்சம் இறங்கியது.

"இப்போது நீங்கள் இருக்குமிடம் எது?"
மனசைக் கேட்கிறார் என்று நினைத்து,
ஒரு மணி நேரம் ஒத்திகை பார்த்த வாக்கியத்துக்காகத்
தொண்டையைச் செருமினேன்.
"தெரு, கதவு எண்" என்றார்.
இணைப்பு அறுந்து நிலைமை மோசமானால்
ஆளை எங்கே அனுப்ப வேண்டும் என்பதற்காகவாம்.
சொன்னேன்:
போர்வெனிர், குரோவாசியா தெரு, இருபத்தேழு.
(வருங்காலம் என்று அர்த்தம் எங்கள் ஊர்ப் பெயருக்கு.
அவர் சிரிக்கவில்லை, நல்லவேளை.)
வீட்டுக்குள் அல்ல, வாசலில்.
வெள்ளை வேன். இடது விளக்கு உடைந்தது.
எழுதிக்கொண்டார்.
இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்
முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் நோட்டில்
என் உடைந்த விளக்கு.
ஏனோ அங்கேதான் கண் கலங்கியது.

மார்ச் மாதத்தைக் கேட்பார் என்று பயந்திருந்தேன்.
தூக்கத்தைக் கேட்டார்.
காலையில் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார்.
பாழாய்ப்போன ரொட்டியைப் பற்றி
ஐந்து நிமிஷம் பேசினேன்.
அப்புறம் நானாகவேதான்,
"மார்ச்சில், கட்டுக்கம்பி அறுந்தபோது" என்று ஆரம்பித்தேன்.

அவர் அசையவில்லை.
உதடு பாதி திறந்திருக்க, கை பாதி உயர்ந்திருக்க,
இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.
இப்படி யாரும் எனக்குக் காது கொடுத்ததில்லை.
எல்லாம் சொன்னேன்.
சத்தத்தை. லாரி சரிந்ததை.
நெஃப்தலி என் பெயரைத்தான் கூப்பிட்டான் என்பதை,
விசாரணையில் நான் சொல்லாததை.

திரை துள்ளியது.
"மன்னிக்கவும், இணைப்பு உறைந்துவிட்டது.
'மார்ச்சில்' என்றீர்கள்,
அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.
மறுபடி சொல்ல வேண்டுமா,
இல்லை, அடுத்த வாரமா?"

மூச்சுத் திணறும்வரை சிரித்தேன்.
ஏன் என்று அவருக்கும் சொன்னேன்.
அவரும் வாயைப் பொத்திக்கொண்டார்.
"அப்படியானால் ஒருமுறை சொல்லியாகிவிட்டது" என்றார்,
பிறகு, "அடுத்த செவ்வாய். உங்கள் கடிகாரத்தில் ஏழு."

ஐம்பது நிமிஷம் முடிந்தது.
வெளியே வர வராந்தா இல்லை, படிக்கட்டு இல்லை,
ஜன்னலோரம் உட்கார்ந்து வர பஸ்ஸும் இல்லை.
பொத்தானை அழுத்தினால் அதே நண்டு நாற்றம்.
பதினொரு அடி வைத்தால் அதே சமையலறை.
உடனே உள்ளே போகாதீர்கள் என்று சொல்லியிருந்தார்.
வேனைக் கிளப்பி, ஒற்றை விளக்கோடு
படகுத்துறைவரை ஓட்டிப்போய்,
கடலைப் பார்க்காமல் திருப்பி ஓட்டி வந்தேன்.

கதவைத் திறந்த நூரியா
என் முகத்தை ஒருகணம் பார்த்துவிட்டு,
"எங்கே போயிருந்தாய்?" என்றாள்.