பதினான்காம் நிரல்

மாங்குளச் சந்தியில் பஸ் மாறி
ஒட்டுசுட்டான் றோட்டால் வருகிறேன் தினமும்.
நாட்சம்பளம். தற்காலிகம்.
செயலகத்தின் பின் அறையில்
ஊரைத் தட்டச்சு செய்கிறேன்.

பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம்,
கூரை தகரமா ஓடா,
கிணறு சொந்தமா பொதுவா,
மாடு எத்தனை, அதில் கறப்பது எத்தனை.
பதின்மூன்று நிரல்களுக்கும் அளவு உண்டு.
மிஞ்சினால் பெட்டி சிவக்கும்.
பதினான்காவது சிவக்காது.
'குறிப்பு' என்று தலைப்பு,
எவ்வளவும் எழுதலாம்.

எழுதியிருந்தார்கள் நீலப் பேனையால்:
கணவருக்கு வவுனியாவில் வேறு குடும்பம்.
மூத்த மகள் மனநலக் கிளினிக், மாதம் ஒரு தரம்.
புனர்வாழ்வு பெற்றவர், கவனிக்கவும்.
பிள்ளையின் தகப்பன் பெயரைச் சொல்ல மறுக்கிறார்.

என் கீபோர்ட்டில் றகரம் ஒட்டிக்கொள்ளும்.
அந்த 'மறுக்கிறார்'
மூன்று தரம் அடித்த பிறகுதான் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை கைரேகை.
வரிசை வேப்பமரம் தாண்டி வாசல் வரை.
தவமலர் அக்கா கல்லுடைக்கிறவ.
பெருவிரலை வைத்தா, எடுத்தா,
சேலையில் துடைத்துத் திரும்ப வைத்தா.
ரேகை இல்லை என்றது திரை.
"முகாமில எடுத்தவங்கள்,
அதுக்கு முதல் அவையளும் எடுத்தவை,
எடுத்தெடுத்து முடிஞ்சு போச்சோ தெரியேல்ல"
என்றா.
வரிசை முழுக்கச் சிரித்தது.
நானும்.

"இதெல்லாம் எங்க போய் இருக்கும் தங்கச்சி?"
கொழும்பில, ஒரு சேர்வரில, என்றேன்.
"பூட்டு இருக்கோ?"
பாஸ்வேர்ட் இருக்கு அக்கா.
மொனிட்டரின் காதோரம்
மஞ்சள் கடதாசியில் அது ஒட்டியிருந்தது,
பெரிய எழுத்தில்,
சேர் கண்ணாடி மறந்து வரும் நாட்களுக்காக.
அக்கா அதைப் பார்த்தா.
வாசிக்கத் தெரிந்தவ.

வெள்ளிக்கிழமை பின்னேரம்
சரிபார்க்கச் சொல்லிச் சேர் முழுப் பட்டியலையும்
வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.
கிராம அலுவலர் பதினைந்து பேர்.
குழுவில் நாற்பத்தொரு பேர்.

ஞாயிறு காலை, தேங்காய் துருவும் நேரம்,
தவமலர் அக்காவின் போனில் ஒரு தேன்குரல்.
லோன் கம்பனி.
உதவிப்பணம் விழுந்த திகதி தெரியும்,
தொகை தெரியும்,
வீட்டில் ஆம்பிளை இல்லை என்பதும் தெரியும்.
"உங்களைப் போல ஆக்களுக்கெண்டே
ஒரு திட்டம் இருக்கு அக்கா."

திங்கள் வந்தா.
சத்தம் போடவில்லை.
கதிரை நுனியில் இருந்து
மெல்லச் சொன்னா:
"அவனுக்கு நான் ஒண்டும் சொல்லேல்ல தங்கச்சி.
உமக்குத்தான் சொன்னனான்."

அன்று பஸ்ஸை விட்டுவிட்டு
எண்ணூற்றுப் பன்னிரண்டு நிரைகளையும்
மேலிருந்து கீழே வாசித்தேன்.
அடிக்கும்போது வாசிப்பதில்லை நாங்கள்,
விரல்தான் வாசிக்கும்.
முந்நூற்று நாற்பத்தேழில் அம்மாவின் பெயர்.
குறிப்பு: மகள் செயலகத்தில் வேலை.
உதவி நிறுத்தலாம்.
எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.
நான் அடித்ததுதான்.

பதினான்காம் நிரலை
முழுதாய்க் கறுப்பித்து
அழித்தேன்.
திரையில் மழை பெய்த முற்றம் போல
ஒரு வெளி.

"குறிப்பைக் காணேல்ல, மேலிடம் கேக்குது,
பரவாயில்ல, என்ர போனில இருக்கு"
என்றார் சேர், மறுநாள்.
நாற்பத்தொரு போனிலும் இருக்கும்.
ஒன்று அந்தத் தேன்குரலின் பொக்கற்றில்.

மஞ்சள் கடதாசியைக் கிழித்தேன்.
யாருக்கும் பிடிபடாத ஒன்றாய்
புதுப் பாஸ்வேர்ட் வைத்தேன்,
றகரம் மூன்று போட்டு.

சேர் மொனிட்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
கோபமே இல்லாமல் கேட்டார்:
"பிள்ளை, எங்க ஒட்டினனீர்?"