காற்று நின்ற நாள்

காலை எட்டு மணிக்கு உள்ளே,
மதியம் ஒன்றுக்கெல்லாம் வெளியே.
குடலிறக்கம், சின்ன விஷயம்,
இன்று இவனோடு ஒன்பது பிள்ளைகள் என்றார் மருத்துவர்.
அவன் காலுறைகளை ஓர் உறையில் போட்டுத் திருப்பித் தந்தார்கள்.
கூடவே ஒரு குப்பி சிரப், மூன்று நாளைக்கு.
மூன்றின் கீழ் இரண்டு கோடு போட்டிருந்தார் தாதி ஓஹேதா.

அடிவயிற்றில் வலப்பக்கம்
என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கீறல்,
மேலே கண்ணாடி போலப் பசை.
ஆன்செல்மோ அதைத் தொடவில்லை.
உள்ளே நூல் இருக்கிறதா என்றான்.
தானே கரைந்துவிடும் என்றேன்.
கரைந்து எங்கே போகும்?
எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் தொலைபேசியில் விசாரித்தார்கள்.
ஆறு முகங்கள் அச்சிட்ட தாள்
குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தில் தொங்கியது.
எந்த முகம், சொல்?
விரலை நேராக முதல் முகத்தில் வைத்தான்,
வாயெல்லாம் சிரிப்பாய் இருந்ததன்மேல்.
பூஜ்யம் என்றேன் நான்.
நல்லது என்றது அந்தக் குரல்.
மறுமுனையில் அடுத்த பிள்ளையின் பெயர் கேட்டது.

சிரப் தீர்ந்தது.
நான் படகுக்குத் திரும்பினேன்.
நீரிணையின் இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வரும் படகு.
கயிறு வலிப்பது என் பிழைப்பு.
எந்தக் கயிறு எவ்வளவு தாங்கும் என்று
உள்ளங்கையே சொல்லிவிடும்
என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

அந்த வாரம் புந்தா அரேனாஸில்
காற்று மணிக்கு நூறைத் தாண்டியது.
தெருமுனைகளில் பிடித்து நடக்கக்
கயிறு கட்டிவிட்டார்கள்.
தபால்காரர் குனிந்து போனார்,
பாதிரியார் தொப்பியை மார்போடு அணைத்துக் குனிந்து போனார்,
ரொட்டிப்பையோடு ஒதிலியா
கூனல் விழுந்தவள்போலக் குறுக்கே கடந்தாள்.
என் மகனும் குனிந்துதான்
பள்ளிக்குப் போய்வந்தான்.

பதினோராம் நாள் காற்று நின்றது.
இந்த ஊரில் அது செய்தி.
நாய்கள் சந்தேகத்தோடு மோந்து பார்த்தன.
கொடிகள் கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தன.
தெரு முழுக்க ஒரே நேரத்தில் நிமிர்ந்தது.

ஒருவன் நிமிரவில்லை.
கால்சட்டைப் பைக்குள் கையை விட்டு
வலது இடுப்பைத் தாங்கிப் பிடித்து,
விளிம்புவரை நீர் நிறைந்த வாளியைச்
சிந்தாமல் கொண்டுவருகிறவன்போல
அடிமேல் அடிவைத்து வந்தான்.

அப்புறம்தான் எல்லாம் ஞாபகம் வந்தது.
மேல்கட்டிலை அக்காவுக்குக் கொடுத்தது.
ஜோக் சொன்னால், போதும் போதும் என்று
வயிற்றைப் பொத்திக்கொண்டு கெஞ்சியது.
கழிப்பறையில் அத்தனை நேரம்
குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தது.

வலிக்கிறதா?
இல்லை.
நான் ஐந்து தடவை கேட்டேன், ஐந்துக்கும் இல்லை.
தானித்ஸா என்னைத் தள்ளிவிட்டு
அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்:
எப்போது வலிக்காமல் இருக்கும்?
யோசித்தான்.
வெந்நீர்த் தொட்டியில்.
அப்புறம்?
அவ்வளவுதான்.

அப்படியென்றால் அந்தச் சிரிக்கிற முகம்?

எந்த முகம் வேண்டும் என்றுதானே கேட்டீர்கள்?

மறுபடி அதே கட்டிடம், அதே நீலக் கதவு.
சீழ் இல்லை, பிரிந்த தையல் இல்லை.
மருத்துவர் ஓர் இறகு கனத்தில் பஞ்சைத் தடவினார்.
சுருண்டான்.
நரம்பாக இருக்கலாம் என்றார்,
சில பிள்ளைகளுக்குச் சில மாதம் நீடிப்பதுண்டு.
எத்தனை பிள்ளைகளுக்கு?
கேட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றார்,
பிறகு பேனாவின் மூடியைக் கழற்றி, மாட்டி, கழற்றினார்.

வீட்டில் அந்தத் தாள் இன்னும் தொங்குகிறது.
ஏழாவதாக ஒரு முகம் வரைந்திருக்கிறான், பென்சிலால்.
கண் இருக்கிறது, வாய் இல்லை.
தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது.
இதுவா இன்றைக்கு? என்றேன்.
இது நேற்று, என்றான்.
இன்றைக்கு உள்ளதை இனிமேல்தான் வரையணும்.

பென்சிலைச் சீவிக் கொடுத்தேன்.
வெளியே காற்று மறுபடி கிளம்பியிருந்தது.